தியன் பியன் பூ 1954: சைக்கிளா ஜெயித்தது? புதுச்சேரிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வில்லியனூரான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா இருந்தவரை, புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1 வந்தால் ஒரு வசனம் தவறாது. “வியட்நாம்காரன் அங்க அடிச்ச அடியிலதான் வெள்ளைக்காரன் இங்க பெட்டி கட்டினான்” என்பார். சின்ன வயதில் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. இப்போது தம்பி மகன் பள்ளிக்கூடத்தில், 1954-இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ சண்டை பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். குழப்பம்தான் கூடியது.

பிரெஞ்சுக்காரனிடம் விமானம், டாங்கி, பீரங்கி எல்லாம் இருந்திருக்கிறது. ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட்மின் பக்கம் சண்டைக்கு ஒரு விமானம்கூடக் கிடையாது. எதைப் படித்தாலும் “சைக்கிளில் சாமான் கொண்டுபோய் ஜெயித்தார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சைக்கிளை வைத்து எப்படிங்க பீரங்கியை ஜெயிப்பது? அதுவும் போகட்டும், சுற்றிலும் மலை இருக்கிற பள்ளத்துக்குள் பிரெஞ்சுக்காரன் தானாகப் போய் உட்கார்ந்தது எதற்கு? இத்தனை வருடம் ஊரை ஆண்டவனுக்கு அந்தப் புத்திகூடவா இல்லை?

கடைசியாக, பெரியப்பா சொன்னது எவ்வளவு தூரம் சரி? நேரில் போய் வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். பையன் படிக்கப்போகிறான்.

நெல்மூட்டை (திருவாரூர்) எழுதியது:

போய் வந்திருக்கிறேன் தம்பி. மகள் ஹனோயில் வேலை பார்க்கிறாள், அவளைப் பார்க்கப் போனபோது நானும் என் வீட்டம்மாவும் அங்கே போனோம். நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை, சரித்திர வாத்தியாரும் இல்லை. கொள்முதல் நிலையம், அரிசிக் கிடங்கு, லாரி, வேகன் என்றே வேலைக்காலம் போனது. அதனால் யார் எந்தக் குன்றைப் பிடித்தார்கள் என்று வழிகாட்டிப் பையன் சொல்லிக்கொண்டு வந்தபோது, இத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அருங்காட்சியகத்தில் துப்பாக்கிகளை விட்டுவிட்டு மூட்டைகளைத்தான் காட்டினான்.

முதலில் பள்ளத்துக் கதை. அது வெறும் பள்ளம் இல்லை, வயல். மூவாங் தான் என்று பெயர். வியட்நாமின் வடமேற்கு மலைநாட்டில் நான்கு பெரிய நெல்வெளிகள் உண்டு என்று அங்கே ஒரு பழைய சொல்வழக்கு. அதில் முதலிடம் இதற்கு. நீளவாக்கில் இருபது கிலோமீட்டருக்குப் பக்கம், நடுவே நாம் ரோம் ஆறு, இரண்டு பக்கமும் தாய் (Thái) என்ற இனத்து மக்களின் ஊர்கள். மேற்கே கொஞ்ச தூரத்தில் லாவோஸ் எல்லை. அந்த வட்டாரத்தில் விமானம் இறங்குகிற அளவுக்குச் சமதரையும் ஒரு படையே சாப்பிடுகிற அளவுக்கு நெல்லும் சேர்ந்து கிடைக்கிற இடம் வேறு இல்லை. லாவோஸுக்குப் போகிற வழியை அடைக்க நினைக்கிற எந்தத் தளபதியும் கை வைக்கிற இடம்தான்.

பிரெஞ்சுத் தலைமைத் தளபதி நவார் 1953 நவம்பர் 20 அன்று அங்கே பாரசூட் படையை இறக்கினார். அதற்கு முந்தின வருடம் நா சான் என்ற இடத்தில் இதே மாதிரி நடுக்காட்டில் அரண் போட்டு, விமானத்தில் சாமான் இறக்கி, வியட்மின் தளபதி கியாப்பின் படையை அடித்து விரட்டியிருந்தார்கள். ஜெயித்த வித்தையைத் திரும்பச் செய்தார்கள், அவ்வளவுதான். மலை மேல் பீரங்கி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்தது. வராது, வந்தாலும் குண்டுக்குக் கதியில்லை, சுடுகிறவனுக்குச் சோற்றுக்குக் கதியில்லை என்று பதிலும் வைத்திருந்தார்கள்.

அந்தப் பதிலை மடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைச்சுமையாக ஒரு ஆள் 25 கிலோ அரிசி எடுக்கிறான் என்று வையுங்கள். மலைவழி, ராத்திரி நடை. போக பதினைந்து நாள், வர பதினைந்து நாள். நாளுக்கு முக்கால் கிலோ அரிசி அவனே சாப்பிட்டாகவேண்டும். முப்பது நாளைக்கு இருபத்திரண்டரை கிலோ. போர்முனையில் அவன் இறக்கி வைப்பது இரண்டரை கிலோ! கிடங்குக் கணக்கில் இதை யாராவது எழுதிக்கொண்டு வந்தால் நான் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நவாரின் அதிகாரிகள் போட்டதும் இந்த மாதிரிக் கணக்குதான். ஐம்பதாயிரம் பேர் சண்டைக்கு நிற்கிற படைக்கு இப்படிச் சோறு போட முடியாது, இரண்டு வாரத்தில் தானே கலைந்துவிடும்.

சைக்கிள் மாற்றியது இந்தக் கணக்கைத்தான். அதில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார்கள் என்று நினைக்காதீர்கள். யாரும் ஏறவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். சீட்டைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயில் ஒரு தடி செருகுவார்கள், பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளவும் இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கவும். ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு மூங்கிலைக் கட்டினால், ஓரமாக நடந்துகொண்டே திருப்பலாம். நடுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் மூட்டை. டயர் வெடிக்காமலிருக்க டியூபுக்கு மேல் பழைய துணியைக் கிழித்துச் சுற்றினார்கள். இதில் 200 கிலோ சர்வ சாதாரணம். ஃபூ தோ மாகாணத்து மா வான் தாங் என்பவர் ஒரே நடையில் 352 கிலோ தள்ளியிருக்கிறார். நம் ஊர்ச் சிப்பம் 40 கிலோ. ஒன்பது சிப்பத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிடங்கில் என்னோடு இருந்த லோடுமேன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இப்போது திரும்பக் கணக்குப் போடுங்கள். அதே ஆள், அதே முப்பது நாள், அதே இருபத்திரண்டரை கிலோ சாப்பாடு. ஆனால் புறப்பட்டது 200 கிலோ. போய்ச் சேருவது 177. தலைச்சுமைக்காரர் எழுபது பேர் வேலையை ஒரு ஆள் செய்கிறான். இதைத்தான் பிரெஞ்சு அதிகாரிகள் கணக்கில் எடுக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அந்த சைக்கிள்களில் பல பிரான்ஸில் செய்த பூஜோ வண்டிகள்.

20,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்கள், சுமார் 2,60,000 குடிமக்கள் வேலைக்கு வந்ததாக வியட்நாம் அரசுக் கணக்கு. பாதிக்குப் பாதி பெண்கள் என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். படங்களைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சைக்கிள் மட்டும் என்று எழுதுகிறவர்கள் லாரியை மறந்துவிடுகிறார்கள். சீன எல்லை வழியாக வந்த சோவியத் லாரிகள் 600-க்கு மேல் ஓடின. பீரங்கியையும் குண்டையும் அவைதான் சுமந்தன. ராத்திரியில், முகப்பு விளக்கு இல்லாமல். கோ நோய் என்ற சாலைச் சந்திப்பையும் ஃபா தின் கணவாயையும் பிரெஞ்சு விமானங்கள் விடாமல் குண்டு போட்டு உடைத்தன. விடிவதற்குள் மண்ணைக் கொட்டி மூடி வைத்தார்கள். ஃபா தின் 32 கிலோமீட்டர் ஏற்ற இறக்கம். நாங்கள் போன வாடகைக் காரே முனகிக்கொண்டுதான் ஏறியது.

பீரங்கி கடைசி வரைக்கும் லாரியில் வரமுடியாது. சத்தம் கேட்டுவிடும், பாதையும் கிடையாது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள 105 மில்லிமீட்டர் பீரங்கியைக் கயிறு கட்டி ஆட்களே இழுத்தார்கள், காட்டுக்குள், மலை மேல். ஜனவரியில் அத்தனையும் இடத்துக்கு வந்துவிட்டது. 25-ஆம் தேதி தாக்குவதாக இருந்தது, ஒருநாள் தள்ளிப் போட்டார்கள்.

என் மனதில் நின்றது இதற்கப்புறம் நடந்ததுதான். 26-ஆம் தேதி காலையில் கியாப் தாக்குதலையே நிறுத்திவிட்டார். முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, தலைவலி தாங்காமல் மருத்துவர் நெற்றியில் மாசிபத்திரியை வைத்துக் கட்டியிருந்தார் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இழுத்துக்கொண்டு வந்த பீரங்கியை எல்லாம் திரும்ப இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். நினைத்துப் பாருங்கள். ஒருவாரமாகக் கயிறு இழுத்துக் கை தோல் உரிந்தவனிடம் போய், பின்னால் இழு என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! சீன ஆலோசகர்கள் வேகமாக அடி என்றார்கள், கீழே படையும் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எதிரி அரண் முதலில் நினைத்ததைவிடப் பலமாகியிருந்தது, பகல் வெளிச்சத்தில் திறந்த வயலில் சண்டை போட்டு இவர் படைக்குப் பழக்கமில்லை. “வேகமாக அடி, வேகமாக முடி” என்பதை மாற்றி “நின்று அடி, நின்று முன்னேறு” என்றார். ஹனோயில் சரித்திர வாத்தியாராக இருந்தவர் கியாப், ராணுவப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தன் வாழ்க்கையில் எடுத்த மிகக் கஷ்டமான முடிவு அது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். திரும்ப இழுக்கும்போதுதான் தோ வின் தியன் என்ற வீரர், கயிறு அறுந்து உருண்ட பீரங்கியைத் தடுக்கச் சக்கரத்தின் அடியில் பாய்ந்து செத்துப்போனார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் தோண்டினார்கள். மலைச்சரிவைக் குடைந்து பீரங்கிக்குக் குகை செய்தார்கள், மேலே மண், இலை தழை. பிரெஞ்சுப் பீரங்கிகளோ எல்லாப் பக்கமும் திரும்பிச் சுட வசதியாக மேலே ஒன்றுமில்லாமல் திறந்த குழியில் நின்றன. பதுங்குகுழிக்கு மரம் போதாமல் தாய் மக்களின் வீடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். வீட்டை இழந்தவன் யாருக்குச் சேதி சொல்லியிருப்பான் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மார்ச் 13, சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு அடி விழ ஆரம்பித்தது. பிரெஞ்சுக்காரர்கள் குன்றுகளுக்குப் பெண் பெயர் வைத்திருந்தார்கள். பியாத்ரிஸ் அன்று ராத்திரியே போனது. ஐந்து நாளில் கேப்ரியல், ஆன் மரி என்று வடபக்கம் மொத்தமும் போனது. பீரங்கிப் பிரிவின் தலைவர் கர்னல் பிரோத் உலகப்போரில் ஒரு கையை இழந்தவர். எதிரிப் பீரங்கி வாய் திறந்தால் உடனே அடைத்துவிடுவேன் என்று மேலதிகாரிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். பதுங்குகுழிக்குள் போய்க் கையெறிகுண்டை மார்போடு அணைத்து வெடித்துக்கொண்டார்.

அதன்பின் ஓடுதளம். மார்ச் கடைசியில் விமானம் இறங்குவதே நின்றுவிட்டது. இதற்கப்புறம் நடந்தது என் பார்வையில் சரக்குப் பிரச்சினைதான். இத்தனை நாள் சோற்றுக் கவலை மலை மேல் இருந்தவனுக்கு. இப்போது அது வயலில் உட்கார்ந்திருந்தவனுக்கு மாறியது. பாரசூட்டில் போடுகிற சாமானில் ஒரு பங்கு எதிரியின் பதுங்குகுழிக்குப் போனது, பீரங்கிக் குண்டு உட்பட. காயம்பட்டவர்களை வெளியே எடுத்துப்போக வழியில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. பாரசூட்டில் இறங்கியவர்களையும் சேர்த்து 15,000-ஐத் தாண்டிய படை, நாளுக்கு நாள் சுருங்குகிற வட்டத்துக்குள் சேற்றில் கிடந்தது. சுற்றிலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பதுங்குகுழி வெட்டி வியட்மின் நெருங்கிக்கொண்டே வந்தது. ஹோ சி மின் முன்பே ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளரிடம் தன் தொப்பியைக் கவிழ்த்துக் காட்டி, அடியில் அவர்கள், விளிம்பில் நாங்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். ஏ-1 குன்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான வெடிமருந்தை வைத்து மே 6 ராத்திரி வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. மேலே ஒரு பிரெஞ்சு டாங்கியும் துருப்பிடித்து நிற்கிறது. மறுநாள் சாயங்காலம் தளபதி தெ காஸ்த்ரி பிடிபட்டார். 56 நாள்.

பையன் கட்டுரையில் இதையும் எழுதச் சொல்லுங்கள். குன்றின் அடிவாரத்தில் இருக்கிற இடுகாட்டில் 644 கல்லறைகள். பெயரோடு அடையாளம் தெரிந்தவை நான்கு. மற்றவையெல்லாம் பெயரில்லாத கல். அரசுக் கணக்கில் வியட்நாம் தரப்பில் செத்தவர்கள் நாலாயிரம் பேர், அந்த எண்ணிக்கை இரண்டு மடங்கு இருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் பக்கம் பத்தாயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கவைத்து முகாமில் அடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் உயிரோடு திரும்பினார்கள். வெற்றியைப் பாடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

நல்ல பதிவு சார், ஆனால் சீனாவைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டீர்கள். 1953 ஜூலையில் கொரியப் போர் நின்றபிறகுதான் சீனாவால் இந்தப் பக்கம் முழுசாகத் திரும்ப முடிந்தது. அந்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் அமெரிக்காவில் செய்து சியாங் கை ஷேக் படையிடமிருந்து சீனக் கம்யூனிஸ்ட்டுகள் பிடித்தவை. 37 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கி சோவியத்துடையது. பீரங்கிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது சீன மண்ணில். தலைமை ஆலோசகர் வெய் குவோச்சிங் கியாப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓடுதளத்தை மூடியது சைக்கிள் இல்லை, அந்த 37 மில்லிமீட்டர்தான். உழவன் சைக்கிள் தள்ளி வல்லரசை ஜெயித்தான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

நெல்மூட்டை எழுதியது:

நீங்கள் சொன்ன ஆயுதக் கணக்கு எல்லாம் சரி. ஆனால் ஓசியில் வாங்கியது ஒரு பக்கம் மட்டும் இல்லையே. 1954-இல் பிரெஞ்சுக்காரனின் போர்ச் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கா கட்டியது. விமானமும் டாங்கியும் அங்கிருந்து வந்தவை. வயலில் நின்ற படையிலும் அசல் பிரெஞ்சுக்காரன் பாதிகூட இல்லை. அல்ஜீரியர், மொராக்கோக்காரர், மேற்கு ஆப்பிரிக்கர், தாய், வியட்நாமியர், அந்நியப் படைப்பிரிவில் ஏகப்பட்ட ஜெர்மானியர். கடைசியில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினார்கள். பிரிட்டன் கூட வராமல் ஐசன்ஹோவர் அசையமாட்டேன் என்றார், சர்ச்சில் முடியாது என்றுவிட்டார்.

பீரங்கி எங்கிருந்து வந்தாலும் அதைச் சுட்டவன் மூன்று வேளை சாப்பிட்டாகவேண்டும், நான் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அரிசியில் பெரும்பங்கு வியட்நாம் விவசாயியிடமிருந்துதான் வந்தது. தான் ஹோவா மாகாணம் களஞ்சியத்தைத் துடைத்துக் கொடுத்தது. அவன் ஏன் கொடுத்தான் என்று கேட்டால், 1953 டிசம்பரில் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் போட்டிருந்தார்கள். நாகை, திருவாரூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு அந்தச் சட்டத்தின் எடையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நிலச் சீர்திருத்தம் பிறகு அப்பாவிகளையும் பலிகொண்டது, ஹோ சி மின்னே வருத்தம் தெரிவிக்கவேண்டி வந்தது. அது தனிக் கதை.

முத்தியால்பேட்டைக்காரி எழுதியது:

வில்லியனூர் அண்ணா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். எங்கள் அம்மாவழித் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். தியன் பியன் பூவில் இல்லை, சைகோனில் இருந்தார். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போனவர்கள் வெறும் பட்டாளத்துக்காரர்கள் மட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்தே சுங்கம், போலீஸ், வரிவசூல், சிறைக்காவல் என்று பிரெஞ்சு அரசாங்க வேலைக்குப் போயிருக்கிறார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தது இன்னொரு பக்கம். அங்கே இன்றும் மாரியம்மன் கோயில் நிற்கிறது, வியட்நாமியர்களே வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள்.

அதனால் உங்கள் பெரியப்பா வீட்டில் சந்தோஷமாகச் சொன்ன சேதி எங்கள் வீட்டில் வேறு மாதிரிக் கேட்டது. ஆயா சொல்வார்: கோட்டை விழுந்துவிட்டது என்று தெரிந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. தாத்தாவிடமிருந்து கடிதம் வரும்வரை உயிரோடு இருக்கிறாரா, சம்பளம் வருமா, இனி பென்ஷன் யார் கொடுப்பார்கள் என்று மூன்று கவலை. நம் ஊரில் பலபேர் வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். புதுச்சேரியின் கொம்யூன் (நகராட்சி) மேயர்களும் ஆலோசகர்களும் வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணையவேண்டும் என்று தீர்மானம் போட்டது 1954 மார்ச் 18. அதாவது பியாத்ரிஸ் குன்று விழுந்து ஐந்தாம் நாள், கோட்டை இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில்தான் இருந்தது. அதுவரை பிரெஞ்சுக்காரனின் வலது கையாக இருந்த எதுவார் குபேர் கட்சி மாறி, மாதக் கடைசியில் நெட்டப்பாக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இந்திய அரசு நாலாபக்கமும் சுங்கச்சாவடி போட்டு நெருக்கியது. 1936-இல் ஆலைத் தொழிலாளிகள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்த காலத்திலிருந்து வ.சுப்பையா போன்றவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். சந்தர்நாகூர் 1949-லேயே வாக்களித்து இந்தியாவோடு போயிருந்தது. ஆக, தியன் பியன் பூ விழாவிட்டாலும் நம் ஊர் வெள்ளைக்காரன் கையில் ரொம்ப நாள் நின்றிருக்காது. யானமும் மாஹேவும் ஜூன், ஜூலையிலேயே கைவிட்டுப் போய்விட்டன.

பிறகு பெரியப்பா சொன்னதில் என்ன உண்மை? பாரீஸில்தான் அது இருக்கிறது. கோட்டை விழுந்தது மே 7. ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிப் பேச உட்கார்ந்தது அதற்கு மறுநாள். ஜூனில் பிரெஞ்சு அரசாங்கமே கவிழ்ந்து மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். முப்பது நாளில் சமாதானம் கொண்டுவராவிட்டால் விலகுவேன் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர், ஜூலை 21-க்குள் முடித்தும் காட்டினார். வியட்நாமைப் பதினேழாவது அட்சக்கோட்டில் இரண்டாக வெட்டி முடித்தார், அந்தக் காயம் ஆற 1975 ஆயிற்று. பிடித்துவைத்துப் பயனில்லாததை விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஒருவர் அப்போது அந்த நாற்காலியில் இருந்தது நமக்கு வசதியாயிற்று. அக்டோபர் 18 கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள், இணைய வேண்டும் என்று 170, வேண்டாம் என்று 8. மூன்று நாளில் டெல்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1 கொடி மாறியது. கீழூருக்கு முந்தின நாள் நேரு எங்கே இருந்தார் தெரியுமா? ஹனோயில், ஹோ சி மின்னோடு. அந்த நகரம் பிரெஞ்சுக்காரன் கையிலிருந்து மாறி ஒரே வாரம் ஆகியிருந்தது.

இன்னொன்று. அதே 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. இங்கே கடற்கரைச் சாலையில் கொடி இறங்கிய அன்று அங்கே குண்டு வெடித்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சுச் சீருடையில் சண்டை போட்டுத் தோல்வியைக் கண்ணால் பார்த்துத் திரும்பிய அல்ஜீரியர்கள் அதில் சேர்ந்தார்கள். நம் ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுக்க 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை கிடப்பில் போட்டு வைத்தது. அல்ஜீரியா கையைவிட்டுப் போன அதே ஜூலையில்தான் நம்முடையதற்கும் சம்மதம் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 16 சட்டப்படி மாற்றம். பெரியப்பா இருந்திருந்தால், வியட்நாம்காரனோடு அல்ஜீரியாக்காரனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

தாத்தா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார். பென்ஷன் கடைசிவரை வந்தது.

வில்லியனூரான் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. பையன் 177 கிலோ கணக்கை அப்படியே கட்டுரையில் போட்டுவிட்டான், கணக்கு வாத்தியாரிடமும் காட்டப்போகிறானாம். தங்கச்சி, உங்கள் வீட்டுக் கதையைப் படித்துவிட்டு என் மனைவியும் அவர்கள் வீட்டில் ஒரு சொல்தா சித்தப்பா இருந்ததைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் வாயைத் திறக்கிறாள். நெல்மூட்டை ஐயா, அடுத்த வருடம் குடும்பத்தோடு வியட்நாம் போகலாம் என்றிருக்கிறோம். தியன் பியன் பூவுக்குப் போவதாக இருந்தால் எப்படி, எப்போது?

நெல்மூட்டை எழுதியது:

ஹனோயிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இறங்குகிற விமான நிலையமே அன்றைக்கு அவர்கள் விட்ட ஓடுதளம் இருந்த இடம்தான், பையனிடம் இறங்கும்போது சொல்லுங்கள். பஸ்ஸிலும் போகலாம், ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு போகிற பஸ். மலைவளைவில் வயிற்றைப் புரட்டும், வீட்டம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேண்டாம். மார்ச் நல்ல மாதம், மலை முழுக்க வெள்ளை மந்தாரை பூத்திருக்கும். மே 7-ஐ ஒட்டிப் போகாதீர்கள், அறை கிடைக்காது.

ஏ-1 குன்று, இடுகாடு, தெ காஸ்த்ரியின் பதுங்குகுழி மூன்றும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, நடந்தே பார்க்கலாம். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்த முன்னாள் வீரர் ஒருவர் 1994-இல் தானாக எழுப்பிய சின்ன நினைவுத்தூண் இருக்கிறது, கேட்டால் வழி காட்டுவார்கள். அருங்காட்சியகத்தில் சுவர் முழுக்கச் சுற்றிவருகிற போர் ஓவியத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சைக்கிள் படை அதிலும் வருகிறது. கியாப்பின் காட்டு முகாம் மூவாங் ஃபாங்கில், அதற்குத் தனியாகக் கார் வைத்து அரைநாள் வேண்டும். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள், அந்த வயலின் அரிசி வியட்நாம் முழுக்கப் பேர்போனது. மணி சின்னது, கொஞ்சம் ஒட்டும், வாசனை உண்டு. ரசத்துக்குச் சரிவராது.